இலாபம் ஓரிடம், நஷ்டம் வேறிடமா?

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து பெரியவர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பேரர் கப்பற் படிப்பை முடித்து, கச்சா எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல் ஒன்றில் வேலைக்கு அமர்ந்திருக்கிறாராம். குடும்பத்தின் கடன்கள் அடைந்து வருகின்றன. பேத்தியின் நிக்காஹ் பேச்சும் நடந்து கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பெரியவரின் மனத்தில் ஓர் உறுத்தல். எண்ணெய்க் கப்பல்கள் மோதியும் கசிந்தும் கடலிலுள்ள பவளப்புற்றுகள் அழிந்து போவதாகப் பத்திரிகைகளில் வாசிக்கிறார். அப்படியானால் அந்தத் தொழிலில் வரும் சம்பளம் சுத்தமானதுதானா, அதில் வாங்கும் அரிசியும் நகையும் நமக்கு ஆகுமா என்று கேட்கிறார். மலையடிவாரத்தில் வயலும் வாழையுமாக இருப்பவருக்குக் கடலடியில் கிடக்கும் கல்லைப் பற்றி என்ன கவலை என்று பள்ளிவாசல் திண்ணையில் சிலர் சிரித்தார்களாம். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குள் வரும் பணம் எந்த வழியாக நடந்து வந்தது என்று விசாரிப்பது நம் முன்னோர்களின் பேணுதல். இன்று அந்தப் பேணுதல் வட்டி, மது, சூது என்ற இரண்டு மூன்று வாசல்களோடு நின்று விடுகிறது. அவற்றைத் தாண்டி, இந்தப் பணம் வந்த வழியில் யாருடைய வயிறு காய்ந்தது, எந்த உயிர் மடிந்தது என்று கேட்பவர் அரிது. மேலும், நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாயும் பழையாறு மணக்குடியில்தான் கடலைச் சேருகிறது. நாம் ஆற்றில் விடுவது கடலுக்குப் போகிறது. கடல் வழியாக வரும் எண்ணெய் டிராக்டராகவும், உரமாகவும், அடுப்பில் எரியும் கேஸாகவும் நம் வீட்டுக்கு வருகிறது. திட்டுவிளையிலும் பூதப்பாண்டியிலும் கல்ஃப் பணத்தால் எழும்பிய வீடுகளை எண்ணிப் பார்த்தால், கடலுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்.

முதலில் அந்தக் ‘கல்’ எது என்பதைத் தெரிந்து கொள்வோம். பவளப்புற்று கல்லே அல்ல. கடுகளவும் மிளகளவுமான உயிர்கள் கோடிக்கணக்கில் ஒன்றாக ஒட்டி, கடல் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்குத் தாமே கட்டிக் கொள்ளும் வீடு அது. அந்த உயிர்களின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. பவள உயிர் அதற்கு இருக்க இடம் கொடுக்கிறது. உருண்டையாகப் பெருத்து வளரும் வகைகள் ஆண்டுக்கு ஒரு செண்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். ஓர் ஆள் உயரத்துக்குப் பவளப்புற்று நிற்கிறதென்றால், அது நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்திலேயே வேலையைத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மீன் குஞ்சுகளுக்கு அதுவே தொட்டில்; கரையிலுள்ள ஊர்களுக்கு அதுவே அலைத் தடுப்பு. திருக்குர்ஆனின் ரஹ்மான் அத்தியாயத்தில், இரண்டு கடல்களிலிருந்து வெளிப்படும் அருட்கொடைகளின் வரிசையில் முத்தோடு மர்ஜானும் சொல்லப்பட்டிருக்கிறது. மர்ஜான் என்பது சிறு முத்து என்று விரிவுரையாளர்களில் ஒரு சாராரும், பவளம் என்று மற்றொரு சாராரும் கூறியுள்ளார்கள்.

நமக்குப் பக்கத்தில் இந்தச் செல்வம் இருக்குமிடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகள். அவற்றைச் சுற்றி 117 வகைப் பவளங்களை ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1986-ல் அந்தத் தீவுகளும் சுற்றுக் கடலும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989-ல் வளைகுடாவே உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அதற்கு முன்னால் பல்லாண்டுக் காலம் முருகைக்கல் என்ற பெயரில் அதை வெட்டி வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கு அனுப்பினார்கள். வெட்டிய பாவம் வீண் போகவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கி விட்டன. பவளத்தை அகற்றியதால் அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது அதற்கு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-ல்தான் பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் சமமாகச் சேர்க்கப்பட்டது. இன்று ஒரு துண்டு பவளத்தை எடுத்தாலும் சிறைவாசம்.

எண்ணெய் மேலே மிதக்கும் பொருளாயிற்றே, அடியிலிருக்கும் பவளத்துக்கு அது என்ன செய்யும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வற்றம் வரும்போது ஆழமில்லாத இடத்துப் பவளங்கள் நீர்மட்டத்துக்கு மேலே தலை காட்டும். அப்போது எண்ணெய்ப் படலம் அவற்றின் மேல் நேராகப் படிகிறது. எண்ணெயிலுள்ள நஞ்சின் ஒரு பகுதி நீரில் கரைந்து கீழே இறங்குகிறது. எண்ணெயைச் சிதறடிக்கத் தெளிக்கும் மருந்து, அதைக் கரைக்கு வராமல் தடுத்தாலும் பவளத்தின் தலையில் கொண்டு போய்ச் சேர்க்கிறது. எல்லாவற்றையும் விட வேதனையானது இது: ஆண்டில் குறிப்பிட்ட சில இரவுகளில் பவளங்கள் தம் கருவைக் கடலில் விடுகின்றன. அந்தக் கருக்கள் மிதந்து மேற்பரப்புக்கு வந்தே ஒன்று சேருகின்றன. எண்ணெய் படர்ந்திருப்பதும் அதே மேற்பரப்பில்தான்.

இனிக் கப்பல்களின் பக்கம் வருவோம். 2024-ஆம் ஆண்டில் ஹுர்முஸ் ஜலசந்தி வழியாக நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பீப்பாய் எண்ணெய் சென்றது. உலகம் செலவழித்ததில் ஐந்தில் ஒரு பங்கு இது. இதில் கிழக்கு நாடுகளுக்குப் போனதில் பெரும்பகுதி நம் குமரிமுனைக்குத் தெற்கே, இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையைச் சுற்றித்தான் போனது. 2020 செப்டம்பர் 3-ந் தேதி, குவைத்திலிருந்து ஒரிசாவின் பாரதீப் துறைமுகத்துக்கு 2,70,000 டன் கச்சா எண்ணெயுடன் வந்து கொண்டிருந்த ‘நியூ டயமண்ட்’ என்ற கப்பல், இலங்கையின் கீழைக் கரையில் சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது. அம்பாறை மாவட்டக் கரை அது. அக்கரைப்பற்றும் பொத்துவிலும் நம்மைப் போலவே தமிழ் பேசும் முஸ்லிம்கள் வாழும் ஊர்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு மாலுமி ஒருவர் இறந்தார். நம் நாட்டுக் கடலோரக் காவற்படையும் இலங்கைக் கடற்படையும் ஒரு வாரம் போராடித் தீயை அணைத்தன. ஏற்றி வந்த கச்சா எண்ணெய் கொட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ். கொட்டியிருந்தால் அந்தக் கரையின் மீனவர் குடும்பங்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. அந்த எண்ணெய் நம் நாட்டு அடுப்புக்கும் வண்டிக்கும் வந்த எண்ணெய் என்பதை மறந்து விடலாகாது.

அதற்கு ஒரு மாதம் முன்பு மொரீஷியஸில் நடந்ததை இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூலை 25-ந் தேதி ‘வகாஷியோ’ என்ற பெரிய கப்பல் அந்தத் தீவின் தென்கிழக்கே பவளத்திட்டின் மேல் ஏறி நின்று விட்டது. சரக்கு எதுவும் இல்லை; தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த எரியெண்ணெய் சுமார் 4,000 டன். ஆகஸ்ட் 6-ந் தேதி அது உடைந்து கசியத் தொடங்கி, சுமார் 1,000 டன் பவளக் கடலில் கலந்தது. மொரீஷியஸ் மக்கள், தமிழர்களும் முஸ்லிம்களும் உட்பட, கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து மிதவை செய்து கடலில் இறங்கினார்கள். கப்பல் ஏன் கரைக்கு அவ்வளவு அருகே வந்தது? பின்னால் வந்த விசாரணை, கப்பலிலிருந்தவர்களுக்குக் கைப்பேசியில் சிக்னல் கிடைப்பதற்காக என்று கூறியது. மாதக் கணக்கில் பிள்ளை குட்டிகளின் குரலைக் கேட்காத மனிதர்கள் அவர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு போன் அழைப்புக்காகக் காத்திருந்து பழகிய நம் வீடுகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கப்பலின் உடைமையாளர் ஜப்பானியர். கொடி பனாமா நாட்டுடையது. தலைவர் இந்தியர், முதல் அதிகாரி இலங்கையர். 2021-ன் இறுதியில் இந்த இருவருக்கும் 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தவறு செய்தவர்கள் தண்டனை பெற்றதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் சிறைக்குப் போனவர்களின் வரிசையையும், இலாபம் எடுத்தவர்களின் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் உள்ள பெயர் ஒன்றுகூட ஒத்துப் போகாது.

பெரியவரின் கேள்விக்குரிய இடம் இதுதான். ஃபிக்ஹு நூல்கள் சேதத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு வகையினரைப் பிரித்துக் காட்டுகின்றன. தன் கையால் நேராகச் சேதம் விளைவித்தவர் முபாஷிர். சேதத்துக்குக் காரணமாக மட்டும் அமைந்தவர் முதஸப்பிப். நேராகச் செய்தவர் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர். காரணமாக அமைந்தவர் வரம்பு மீறியிருந்தால்தான் கடமைப்பட்டவர். 1869 முதல் 1876 வரை துருக்கியில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டத் தொகுப்பிலும் இவை அடுத்தடுத்த விதிகளாக இடம் பெற்றுள்ளன. இந்த அளவுகோலின்படி, ஆகுமான ஒரு பொருளை ஓரிடத்திலிருந்து மறு இடத்துக்கு ஏற்றிச் செல்லும் உழைப்புக்குக் கூலி வாங்குவது ஆகுமானதே. அந்தப் பேரரின் சம்பளம் ஹலால். அதில் வாங்கும் அரிசி அரிசிதான், நகை நகைதான். பெரியவர் மனக் கலக்கமின்றி நிக்காஹ் பேச்சை நடத்தலாம்.

ஆனால் பேரரிடம் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும். கப்பலின் இயந்திர அறையில் தினமும் எண்ணெய் கலந்த கழிவு நீர் சேரும். அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாத நிலையில்தான் கடலில் விடலாம் என்பது சர்வதேச விதி. எவ்வளவு விட்டோம், எங்கே விட்டோம் என்று எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்க, சுத்தம் செய்யும் கருவியைத் தொடாமல் கழிவை நேரே கடலுக்கு விடும் இரகசியக் குழாயைச் சில கப்பல்களில் மாட்டுகிறார்கள். மாலுமிகள் அதற்கு ‘மேஜிக் பைப்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் இதற்காகவே பல கப்பல் கம்பெனிகள் அபராதம் கட்டியிருக்கின்றன. மேலதிகாரி அந்தக் குழாயை மாட்டச் சொல்லி, பதிவேட்டில் பொய் எழுதச் சொன்னால், அங்கே பேரர் முபாஷிராகி விடுகிறார். படைத்தவனுக்கு மாறு செய்யும் காரியத்தில் படைப்புக்குக் கீழ்ப்படிதல் இல்லை என்பது மதரஸாவின் முதல் வகுப்புப் பாடம். பெரிய கப்பல் உடைவது எப்போதோ நடப்பது. இந்தக் குழாய் சத்தமில்லாமல் அன்றாடம் ஓடுவது.

இத்துடன் கடிதத்துக்குப் பதில் முடிந்தது என்று சொல்லி நாம் எழுந்து விடலாம். ஆனால் அதே ஃபிக்ஹில் இன்னொரு விதி இருக்கிறது. ஒரு பொருளின் இலாபம் யாருக்கோ, அதன் நஷ்டச் சுமையும் அவருக்கே என்பது அதன் கருத்து. வாங்கி விற்பதிலும், கூட்டு வியாபாரத்திலும், வக்ஃபுச் சொத்தைப் பழுது பார்ப்பதிலும் நம் ஆலிம்கள் நாள்தோறும் உபயோகிக்கும் விதி இது. கடைத்தெரு நியாயமும் இதுவே. எண்ணெய்க் கப்பல் உலகம் இந்த விதியைத் தலைகீழாக்கித்தான் நடக்கிறது. உடைமையாளர் ஒரு நாட்டில், கொடி பனாமாவிலோ லைபீரியாவிலோ, வாடகைக்கு எடுத்தவர் வேறு நாட்டில், இன்ஷ்யூரன்ஸ் இலண்டனில், மாலுமிகள் ஏழை நாடுகளில். ஒரு கப்பலைச் சுற்றி இத்தனை சுவர்களை எழுப்புவது எதற்காக? இலாபம் சுவர் தாண்டி வரலாம், பொறுப்பு மட்டும் வரக்கூடாது என்பதற்காக. 1967-ல் இங்கிலாந்துக் கரையில் ‘டோரி கேன்யன்’ என்ற கப்பல் உடைந்த பிறகு, 1969-ல் எண்ணெய்ச் சேதப் பொறுப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டாயிற்று. தவறு நிரூபிக்கப்படாவிட்டாலும் கப்பல் உடைமையாளர் ஈடு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல காரியம். அதே மூச்சில், கப்பலின் கொள்ளளவைக் கணக்கிட்டு இந்தத் தொகைக்கு மேல் அவர் கொடுக்க வேண்டியதில்லை என்று ஓர் உச்ச வரம்பையும் வைத்தது. சேதத்துக்கு வரம்பில்லை, ஈட்டுக்கு மட்டும் வரம்பு.

நம் பக்கத்துச் சம்பவத்தையே பாருங்கள். 2025 மே 25-ந் தேதி லைபீரியக் கொடி தாங்கிய ‘எம்.எஸ்.சி. எல்சா 3’, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சி செல்லும் வழியில் கேரளக் கடலில் மூழ்கியது. 640 பெட்டகங்களும், சுமார் 450 டன் டீசலும் எரியெண்ணெயும் அதில் இருந்தன. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள். பெட்டகங்களிலிருந்து சிதறிய வெள்ளைப் பிளாஸ்டிக் குறுமணிகள் கேரளக் கரையோடு நிற்கவில்லை. நம் குமரி மாவட்டத்து மேற்குக் கரை ஊர்களிலும் ஒதுங்கி, தனுஷ்கோடி வரை போய்ச் சேர்ந்தன. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குத் தொடர்ந்தது. உயர் நீதிமன்றம் அதே குழுமத்தின் மற்றொரு கப்பலைத் தடுத்து வைத்து, பிணையாகச் சுமார் 1,227 கோடி ரூபாய் கட்டுமாறு உத்தரவிட்டது. பிடித்து வைக்க ஒரு கப்பல் கிடைத்ததால் இவ்வளவாவது நடந்தது. அந்த வழக்கு கேரளக் கரைக்கானது. மணி ஒதுங்கிய குமரிக் கரையின் கட்டுமரக்காரர், தன் நஷ்டத்தைச் சொல்ல எந்த வாசலில் போய் நிற்பார்?

மீனவருக்காவது வலை உண்டு, வருமானக் கணக்கு உண்டு, வாய் உண்டு. பவளத்துக்கு யார் வாரிசு? இங்கேதான் நாம் மிகவும் யோசிக்க வேண்டியிருக்கிறது. கடல் எவருக்கும் உடைமை ஆகாத பொதுப் பொருள் என்பது மார்க்கத்தின் நிலை. உடைமை இருந்தால்தான் ளமான், அதாவது ஈடு செய்யும் கடமை, உண்டாகும் என்பது பொது விதி. காட்டுப் பறவையைக் கொன்றவர் யாருக்கும் விலை கொடுக்க வேண்டியதில்லை. அப்படியென்றால் ஆயிரம் ஆண்டுப் பவளத்திட்டைக் கொன்றவரும் யாருக்கும் கடன்பட்டவர் இல்லையா? சர்வதேச ஒப்பந்தங்கள் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கின்றன. 1979-ல் ‘அந்தோனியோ கிராம்ஷி’ என்ற கப்பல் பால்டிக் கடலில் எண்ணெயைக் கொட்டியபோது, சோவியத் அரசு கெட்டுப்போன நீரின் அளவை ஒரு சூத்திரத்தால் பெருக்கி ஈடு கேட்டது. எண்ணெய்ச் சேத நிதியை நடத்தும் நாடுகள் 1980-ல் கூடி, அப்படிக் கற்பனைக் கணக்கில் ஈடு கொடுக்க முடியாது என்று தீர்மானித்தன. சுத்தம் செய்த செலவுக்குப் பணம் உண்டு. தொழில் நஷ்டத்துக்கு உண்டு. மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டு வர எடுத்த நியாயமான முயற்சிக்கு உண்டு. செத்த உயிருக்காக எதுவும் கிடையாது.

நம் ஷரீஅத்தும் இப்படியே கை விரித்து விடுகிறதா? இல்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். இஹ்ராம் உடையில் இருப்பவர் வேட்டைப் பிராணியைக் கொன்று விட்டால் பரிகாரம் கொடுக்க வேண்டும். அந்த மான் யாருடைய மான்? யாருடையதும் அல்ல. ஆயினும் ஈடு கடமையாகிறது. எவ்வளவு என்பதை நீதிமான்கள் இருவர் தீர்மானிக்க வேண்டும் என்று மாயிதா அத்தியாயம் கற்பிக்கிறது. அதற்கு நிகரான கால்நடையைக் குர்பானி கொடுக்கலாம், ஏழைகளுக்கு உணவளிக்கலாம், அதற்கு ஈடாக நோன்பும் நோற்கலாம். இஹ்ராமில் இல்லாதவரும் ஹரம் எல்லைக்குள் வேட்டைப் பிராணியைக் கொன்றால் ஈடு கொடுக்க வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில், ஹரமின் பெரிய மரத்தை வெட்டியவருக்கு ஒரு மாடும், அதைவிடச் சிறியதை வெட்டியவருக்கு ஓர் ஆடும் கடமை என்று இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே, உடையவன் இல்லாத உயிருக்கு ஈடு என்பது நம் மார்க்கத்துக்குப் புதிய சிந்தனையே அல்ல. பதினான்கு நூற்றாண்டுகளாக மக்காவில் நடைமுறையில் இருக்கிறது.

இதைக் கொண்டு மன்னார் வளைகுடாவை ஹரம் ஷரீஃபோடு ஒப்பிடுகிறோம் என்று யாரும் நம் மீது பாய வேண்டாம். அந்தப் புனிதம் வேறு. மனிதர்கள் ஒதுக்கி வைத்த காப்பிடம் வேறு. அந்தப் பரிகாரம் ஒரு வணக்கத்தோடு சேர்ந்தது, அதை அப்படியே கடலுக்குத் தூக்கி வர நமக்கு அதிகாரமும் இல்லை. நாம் எடுத்துக் காட்ட விரும்புவது இரண்டே நுணுக்கங்களை. ஈட்டின் அளவைச் சொல்ல ஓர் உடைமையாளர் ரசீதோடு வர வேண்டும் என்று அங்கே காத்திருக்கவில்லை. விஷயம் தெரிந்த, நேர்மையான இருவர் போதும். அந்த ஈட்டில் சாப்பாடாகக் கொடுப்பது அரசாங்கக் கஜானாவுக்குப் போகவில்லை. ஏழையின் வயிற்றுக்குப் போயிற்று. சூத்திரம் போட்டுக் கேட்ட சோவியத்தும், முடியாது என்ற நிதியாளர்களும் இந்த இரண்டையும் கவனிக்கவில்லை.

காப்பிடம் என்றதும் ஹிமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மேய்ச்சல் நிலத்தை அழியாமல் காக்க, குறிப்பிட்ட பகுதியைத் தடை செய்து வைப்பதற்கு ஹிமா என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் நகீஃ என்ற இடத்தைக் குதிரைகளுக்காக அவ்வாறு ஒதுக்கினார்கள். ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்குக் காவலராக ஹுனைய் என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. மக்களிடம் மென்மையாக நடந்து கொள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு. இரண்டொரு ஒட்டகமும் சில ஆடுகளும் உள்ள ஏழையை உள்ளே விடு. ஆனால் இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விட்டு விடாதே என்ற கருத்துப்பட அவர்கள் கூறினார்கள். அவ்விருவரும் சாதாரண மனிதர்களா? சுவனத்துக்கு நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் உள்ளவர்கள். ஒருவர் அடுத்த கலீஃபாவாகவே ஆனவர். அவர்களுடைய மந்தை அழிந்தால் பேரீச்சந் தோட்டமும் வயலும் இருக்கின்றன; ஏழையின் மந்தை அழிந்தாலோ, அவன் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு என்னிடம் வந்து நிற்பான் என்று காரணத்தையும் சொன்னார்கள்.

இந்த அறிவுரையைக் கையில் வைத்துக் கொண்டு மன்னார் வளைகுடாவைப் பாருங்கள். பூங்கா அறிவிக்கப்பட்டதும் தீவுக்குப் போகக் கூடாது என்ற தடை முதலில் யார் மீது விழுந்தது? பாம்பன், கீழக்கரைப் பகுதிகளில் கண்ணாடியை மாட்டிக் கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக் கொண்டு, தீவோரக் கடலில் மூழ்கிப் பாசி எடுத்து வயிறு வளர்க்கும் பெண்கள் மீது. வனத்துறையின் அபராதத்துக்கும் விரட்டலுக்கும் அவர்கள் ஆளானார்கள். பாசி அழியாமலிருக்க மாதத்தில் எடுக்கும் நாள்களைத் தாங்களே குறைத்துக் கொண்டவர்களும் அவர்கள்தாம். அதே கடற்பகுதியில் 2005 ஜூலை 2-ந் தேதி சேது சமுத்திரத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆழமில்லாத இடங்களில் கடலடியை வெட்டி, 167 கிலோமீட்டர் நீளமுள்ள வழியில் கப்பல் விடுவதே திட்டம். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள மணல் திட்டைத் தொடக் கூடாது என்று வழக்குகள் எழுந்தன. 2007-ல் உச்ச நீதிமன்றம் அங்கே வெட்டுவதற்குத் தடை விதித்தது. அது இதிகாசப் பாலமா, இயற்கைத் திட்டா என்ற வாதம் டீக்கடை வரைக்கும் நடந்தது. வெட்டிய சேற்றைக் கொட்டினால் பவளம் மூச்சு முட்டுமே, எண்ணெய்க் கப்பல் குறுகிய வாய்க்காலில் தரை தட்டினால் என்ன செய்வது என்று கேட்ட விஞ்ஞானிகளின் குரல் அந்தக் கூச்சலில் அமுங்கிப் போயிற்று. திட்டம் பாதியில் நின்றாலும், அதை நிறைவேற்றும்படி 2023 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் மீண்டும் தீர்மானம் போட்டது. கப்பல் வழி வந்தால் தென் தமிழ்நாட்டுக்குத் தொழில் வரும் என்று நம்புகிறவர்களின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. கையில் பாசிப் பையோடு வந்த பெண்ணைத் தடுத்த காவல், எண்ணெய்க் கப்பலுக்கு வழி வெட்டும்போது எங்கே போயிற்று என்பதே நம் கேள்வி. உமர் (ரலி) அவர்கள் உள்ளே விடச் சொன்னவரை வெளியே நிறுத்தி, வெளியே நிறுத்தச் சொன்னவரை உள்ளே விடுவது எப்படி ஹிமாவாகும்?

சான்ஸிபாரை அடுத்த பெம்பாவுக்குப் பக்கத்தில் மிஸாலி என்றொரு சிறு தீவு இருக்கிறது. தொழுகை விரிப்பு என்ற பொருளுடைய பெயர். அங்குள்ள முஸ்லிம் மீனவர்கள் சிலர் வெடி வைத்து மீன் பிடித்ததில் பவளம் நொறுங்கிக் கொண்டிருந்தது. 1990-களின் இறுதியில் அந்தக் கடல் காப்பிடமாக்கப்பட்டபோது, மீன் பிடிப்பதையே தடுத்து விடாமல், பள்ளிவாசல் இமாம்களையும் மீனவர்களையும் உட்கார வைத்து, அல்லாஹ்வின் படைப்பில் நமக்குள்ள பொறுப்பை எடுத்துச் சொன்னார்கள். துப்பாக்கி சாதிக்காததை அந்தப் பேச்சு ஓரளவு சாதித்தது. ஏழைக்கு உபதேசம் செய்தால் கேட்கிறான். கம்பெனிகளுக்கு யார் போய்ப் பயான் செய்வது?

கப்பலின் மேல் தட்டிலும் கீழ்த் தட்டிலும் மக்கள் இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காகத் தங்கள் பகுதியில் ஒரு துளை போட நினைத்தார்கள். மேலே இருப்பவர்கள் அதைத் தடுக்காவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த உவமை ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்பது. 2021-ல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய ‘எக்ஸ்பிரஸ் பேர்ல்’ கப்பலில் நைட்ரிக் அமிலம் வைத்த ஒரு பெட்டகம் வழியிலேயே கசிந்து கொண்டிருந்தது. அதை இறக்கி வைக்க கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும், நம் நாட்டின் ஹசீரா துறைமுகத்திலும் அனுமதி கேட்டார்கள், இரண்டிலும் கிடைக்கவில்லை. துளையைப் பார்த்தவர்கள், ‘என் வாசலில் வேண்டாம், அப்பால் கொண்டு போ’ என்றார்கள். அப்பால் என்பது கொழும்பாயிற்று. சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கொட்டின. ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. மீன் வாங்க ஆளில்லாமல் நீர்கொழும்பு மீனவர் தவித்தார்கள். 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டாலர் ஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது.

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. கப்பலே வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. நாமும் அந்த மந்தையின் பங்குதாரர்கள். இலாபம் போகிற வீட்டுக்கே நஷ்டமும் போக வேண்டும் என்ற விதியின்படி, கப்பல் பவளத்தை விட்டு இன்னும் சில மைல் விலகிச் சுற்றிப் போனால் ஏறும் செலவு பெட்ரோல் விலையில் நம் தலையில் விழுந்தால், அதை முணுமுணுக்காமல் கொடுக்க நாம் கடமைப்பட்டவர்கள். இதற்கு வழி இல்லாமல் இல்லை. மென்மையான கடற்பகுதி என்று ஒரு நாடு விண்ணப்பித்தால், சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை ஏற்று, கப்பல்கள் ஒதுங்கிப் போகவும் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக் கொள்ளவும் விதி செய்கிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு 1990-ல் முதலாவதாக இந்தப் பாதுகாப்பைப் பெற்றது. அதன் பிறகு கியூபாவின் ஒரு தீவுக் கூட்டம், பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளத்திட்டு என்று பட்டியல் நீண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பெயரோ, மஸ்ஜிதுகள் நிற்கும் தரையே பவளமாக உள்ள இலட்சத்தீவின் பெயரோ அதில் இல்லை. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது டில்லியிலுள்ள அரசாங்கம். அந்த அரசாங்கத்துக்கு நம் ஊர்களிலிருந்து பாராளுமன்ற உறுப்பினர்கள் போகிறார்கள். தேர்தல் நேரத்தில் அவர்கள் பள்ளிவாசல் திண்ணைக்கும் வருகிறார்கள்.